அலமாரிக்குள் ஒரு நிமிடம்

எடிட்டர் காலையிலேயே போன் செய்து ஒரு நிமிட அமைதி வேண்டும் என்றார். பக்கத்து வீட்டில் தீப்பெட்டி இருக்கிறதா என்று கேட்பதுபோல அத்தனை சாதாரணமாகக் கேட்டார். மனிதருக்குப் பிள்ளைகள் இல்லை என்று அப்போதே புரிந்துகொண்டேன்.

அவரைச் சொல்லியும் குற்றமில்லை. பாலங்கள் கட்டுவதைப் பற்றிய தடித்த புத்தகம் ஒன்றை நான் வாசித்து ஒலிப்பதிவு செய்து கொடுத்திருந்தேன். உட்கார்ந்து படிக்க நேரமில்லாதவர்கள் காதில் மாட்டிக்கொண்டு கேட்பதற்காக. என் தடுமாற்றத்தையும் இருமலையும் வெட்டி எறிந்துவிட்டு ஒட்டித் தருவது அவர் வேலை. வெட்டிய இடத்தில் வெறுமையை வைத்தால் கேட்கிறவர்களுக்குத் திடீரென்று காது அடைத்துக்கொண்டதுபோல் இருக்குமாம். அதனால் வாசித்த அதே இடத்தில், அதே மைக்கை வைத்து, யாரும் பேசாமல் அந்த இடத்தின் அமைதியை மட்டும் ஒரு நிமிடம் பதிவு செய்து தர வேண்டும். அதை எடுத்து அவர் ஒட்டுப் போட்டுக்கொள்வார். முதல் நாளே வாங்கி வைத்திருக்க வேண்டியது. கேட்க மறந்தது அவர், கொடுக்க மறந்தது நான்.

இன்று மாலைக்குள் வந்தால் நல்லது என்றார். நாளைக்குப் பதிப்பகத்தார் உட்கார்ந்து முழுப் புத்தகத்தையும் கேட்கிறார்களாம். ஒட்டுகள் தெரிந்தால், என்று ஆரம்பித்துக் கொஞ்சம் இழுத்தார். ஸ்டூடியோவிலேயே வந்து வாசிக்கிற பெண்மணி ஒருவர் இருக்கிறார், புத்தகத்தை அவரிடம் கொடுத்து முதலிலிருந்து வாசிக்கச் சொல்லிவிடுவார்கள் என்றார். சொல்லும்போது அவருக்கே வருத்தமாக இருந்தது. மாலைக்குள் வந்துவிடும் என்று வாய் கூசாமல் சொல்லி வைத்தேன்.

பிள்ளைகள் பிறப்பதற்கு முன்னால் நான் குரலை வைத்துப் பிழைத்தவள். பெரிய மருத்துவமனை ஒன்றுக்குப் போன் செய்தால் 'தயவுசெய்து காத்திருங்கள்' என்று ஒரு குரல் கேட்கும். அது நான்தான். எத்தனையோ பேரைக் காக்க வைத்த பாவம், சின்னவன் பிறந்த பிறகு வேலைக்காக நானே வருடக்கணக்கில் காத்திருந்தேன். அப்படிக் காத்திருந்து கிடைத்தது இந்தப் பாலம். தாங்குதிறனும் அழுத்தமும் யாருக்கு வேண்டும் என்று என் கணவர் கிண்டல் செய்தார். எனக்கு வேண்டும். இந்த வீட்டில் யாரும் எச்சில் பண்ணாத ஒரே பொருள் அதுதான்.

வாசித்தது படுக்கையறைத் துணி அலமாரிக்குள். கம்பளிப் போர்வைகளும் குளிர்கால உடுப்புகளும் தொங்குகிற இடத்தில் குரல் எதிரொலிக்காது. கீழ்த்தட்டைக் கழற்றிவிட்டு ஒரு முக்காலியைப் போட்டு, காலியான ஷூ டப்பாவின்மேல் மைக்கை நிறுத்தி, அதைப் போனில் சொருகிவிட்டால் அதுதான் என் அலுவலகம். முழுவதும் மூடினால் மூச்சு முட்டும் என்பதால் கதவை ஒரு விரல் அகலத்துக்குத் திறந்து வைத்திருப்பேன். மதியத்தில்தான் வேலை. பெரியவள் பள்ளிக்கூடத்தில் இருப்பாள். சின்னவன் பாலர் பள்ளியிலிருந்து வந்து சாப்பிட்டுவிட்டுப் பக்கத்து அறையில் தூங்குவான். நாலு வயது, தங்கமான பிள்ளை. படுக்க வைத்தால் நான் போய் எழுப்பும்வரை கண் திறக்க மாட்டான். இதை மற்ற அம்மாக்களிடம் நான் பீற்றிக்கொள்ளாத நாளில்லை.

இப்போது பள்ளிக்கூடம் விடுமுறை. இரண்டும் வீட்டில்.

அமைதியைத் தேடி நான் அலையாத இடமில்லை. குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டால் கதவுக்கடியில் நாலு விரல் நுழைந்து ஆடும். குப்பை கொட்டப் போவதை நான் ஓர் உல்லாசப் பயணமாகவே ஆக்கி வைத்திருந்தேன். படி இறங்கி, தொட்டியருகே நின்று, வானத்தைப் பார்த்துவிட்டு வருவேன். பெரியவள் அதைக் கண்டுபிடித்து, குப்பைக்கு எதற்கு இவ்வளவு நேரம் என்று ஜன்னலிலிருந்து கேட்க ஆரம்பித்தாள். அதோடு அதற்கும் மூடுவிழா நடந்தது.

பெரியவளுக்கு எங்கள் வீட்டில் சூப்பர்வைசர் என்று பெயர். எட்டு வயதில் ஒரு வேலையும் செய்ய மாட்டாள், செய்கிறவர்களை மேற்பார்வை பார்ப்பாள். இரண்டு பேரையும் உட்கார வைத்து விஷயத்தைச் சொன்னதும் அமைதிக்கான மொத்தப் பொறுப்பையும் அவளே எடுத்துக்கொண்டாள். நான் அலமாரிக்குள் போய் முக்காலியில் உட்கார்ந்து பொத்தானை அழுத்தினேன். 'உஷ்' என்று வெளியே அவள் போட்ட சத்தம் தெருமுனைவரை போயிருக்கும். அழித்துவிட்டு மறுபடி அழுத்தினேன். பாதி நிமிடம் நன்றாகப் போனது. அப்புறம் அலமாரிக் கதவை யாரோ தட்டினார்கள்.

"அம்மா, எல்லாரும் அமைதியாதான் இருக்கோம்."

அடுத்த தடவை சின்னவனின் மரக்கட்டை டப்பா கவிழ்ந்தது. அமைதியைக் கெடுத்தது டப்பாவா, டப்பாவைப் பிடுங்கப் போன அக்காவா என்று ஒரு பஞ்சாயத்து. அது முடிந்து நான் உள்ளே போனதும் மேல்வீட்டுக்காரர் நாற்காலியை இழுத்தார். அந்த நாற்காலிக்கு எது சரியான இடம் என்று அவருக்கு இன்னும் முடிவாகவில்லை. பிறகு துணி துவைக்கும் மெஷின் தன் வேலை முடிந்ததென்று பாட்டுப் பாடியது. அந்தப் பாட்டு ஓய்வதற்குள் இரண்டும் மறுபடி அடித்துக்கொள்ள, கொஞ்ச நேரம் வாயை மூடிக்கிட்டு இருக்க மாட்டீங்களா என்று நான் போட்டேன் ஒரு கத்தல். பதிவைப் போட்டுக் கேட்டபோது, அன்று காலை வீட்டில் உண்டான சத்தங்களில் முதல் பரிசு எனக்குத்தான்.

வேறு வழியில்லாமல் கணவரை அழைத்தேன். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறார், பொறுமையானவர், அதனாலேயே சில சமயம் எரிச்சல் வரும். ஒரு நிமிஷத்துக்காக அரை நாள் லீவா என்று கேட்டார். ஆமாம் என்றேன். என் குரலில் எதைக் கேட்டாரோ, மதியமே வந்துவிட்டார். பிள்ளைகளைப் பூங்காவுக்குக் கூட்டிப் போவதாக ஏற்பாடு. செருப்பைக் காணோம். கிடைத்ததும் சின்னவனுக்கு ஒன்றுக்கு வந்தது. அது முடிந்து படி இறங்கியவர்கள் தண்ணீர் பாட்டிலை மறந்து திரும்பி வந்தார்கள். எடுத்துக்கொண்டு போய், பாட்டில் மூடிக்காக இன்னொரு தடவை வந்தார்கள். மூடியைக் கையில் திணித்து அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினேன்.

வீடு காலி. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இந்த நிலைமையில் பாத்திரத்தைக் கழுவிவிடலாமா, துணியை மடித்துவிடலாமா என்று மனசு பறந்தது. அடக்கி அலமாரிக்குள் கொண்டுபோய் உட்கார வைத்தேன். பொத்தானை அழுத்தினால் என் வயிறு உறுமியது. காலையிலிருந்து சாப்பிடவில்லை என்பதே அப்போதுதான் நினைவு வந்தது. ரொட்டித் துண்டு ஒன்றை நின்றபடியே விழுங்கிவிட்டு மறுபடி போனேன். உட்கார்ந்ததும் முழங்கால் சொடுக்கியது. அதற்கடுத்து சின்னவன் தொப்பி போட்டுக்கொண்டு போனானா என்று கேள்வி வந்தது. அடுப்பை அணைத்தேனா என்று இன்னொன்று. அமைதி என்பது இப்படி அரிக்கும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு அசையாமல் இருந்தேன். ஒரு நிமிடம் முழுசாக வந்தது. போட்டுக் கேட்டேன். எதுவும் இல்லை. அவ்வளவு அழகான ஒன்றுமில்லாமை. அனுப்பிவிட்டு, மகாராணி மாதிரி டீ போட்டுக்கொண்டு, அது சூடாக இருக்கும்போதே குடிக்க உட்கார்ந்தேன்.

கோப்பை உதட்டுக்கு வருவதற்குள் எடிட்டர் அழைத்தார்.

"மேடம், இது பொருந்தல. மத்த நாள்ல உங்க வீட்டுல ஏதோ மெஷின் ஓடியிருக்கு. புத்தகம் பூரா உங்க குரலுக்கு அடியில அது கேக்குது. இன்னைக்கு அது ஓடல. அதை ஓட விட்டு எடுத்துக் குடுங்க."

அப்படி ஒரு மெஷினும் இல்லை என்றேன். இருக்கிறது என்றார். ஃப்ரிட்ஜாக இருக்கும், அல்லது காற்றாடியாக இருக்கும், மெதுவாக ஏறி இறங்குகிற சத்தம், கேட்பவர்களுக்குத் தொந்தரவில்லை, ஆனால் ஒட்டுப் போட்ட இடத்தில் அது அறுந்துபோனால் பளிச்சென்று தெரிகிறது என்றார். என் வாசிப்புக்கு நடுவில் கிடைக்கும் இடைவெளிகளிலிருந்து எடுத்து ஒட்டிப் பார்த்தாராம். எல்லாம் சின்னச் சின்ன இடைவெளி, விக்கல் மாதிரி இருக்கிறது என்று ஒரு துண்டை எனக்கு அனுப்பினார்.

ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்டேன். தூண்களின் அஸ்திவாரத்தைப் பற்றி நான் நிதானமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அதற்குக் கீழே, தள்ளி, ஒன்று கரகரத்து ஏறி இறங்கியது. மனிதர் சொன்னது உண்மைதான்.

டீயை அப்படியே விட்டுவிட்டு மெஷின் வேட்டையில் இறங்கினேன். ஃப்ரிட்ஜின்மேல் காதை வைத்தேன். அது ஒரே சுருதியில் முனகியது, ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. சமையலறைக் காற்றாடியைப் போட்டேன், லாரி மாதிரி கிளம்பியது. தண்ணீர் சூடாக்கும் பெட்டி, குளியலறைக் குழாய், சுவர்க்கடிகாரம் என்று ஒவ்வொன்றின் முன்னாலும் போய்க் காதைச் சாய்த்து நின்றேன். வெளியே வெயில் சாய ஆரம்பித்தது. ஸ்டூடியோவில் இருக்கிற அந்தப் பெண்மணி தொண்டையைச் செருமிக்கொண்டு என் புத்தகத்தின் முதல் பக்கத்தைத் திருப்புவதுபோல் தோன்றித் தோன்றி எனக்கு அழுகை முட்டியது. துவைக்கும் மெஷினைக் கட்டிப்பிடித்து அதன் மேல் காதை வைத்திருந்தபோது வாசல் கதவு திறந்தது.

மூன்று பேரும் என்னையே பார்த்தார்கள். கணவர் ஒன்றும் கேட்கவில்லை. அதுவே ஒரு கேலிதான். விஷயத்தைச் சொன்னேன். அவரும் ஹெட்போனை மாட்டிக் கேட்டுவிட்டு, பழைய பம்புசெட் மாதிரி இருக்கிறதே, மேல்வீட்டில் விசாரிக்கலாமா என்றார். சூப்பர்வைசருக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. அப்பாவின் தலையிலிருந்து ஹெட்போனைக் கழற்றித் தன் தலையில் மாட்டிக்கொண்டாள். கேட்ட மாத்திரத்தில் முகத்தைச் சுளித்தாள்.

"இது தம்பியோட மூக்கு."

சும்மா உளறாதே என்றேன். உளறவில்லை, ராத்திரி பூரா என் பக்கத்தில் படுத்துக்கொண்டு இப்படித்தான் செய்கிறான், எத்தனை தடவை சொல்லியும் நீங்கள் யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை என்று அவள் பழைய புகாரையும் சேர்த்து எடுத்தாள். சின்னவனுக்கு எப்போதும் மூக்கடைப்பு. வாயைத் திறந்து வைத்துக்கொண்டு மூச்சு விடுவான். நான் மறுபடி ஹெட்போனை வாங்கிக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். ஏறியது, இறங்கியது, இறங்கும்போது ஒரு சின்ன விசில். பெற்ற தாய்க்குத் தெரியவில்லை. ஊரில் இருக்கிற எல்லா மெஷினையும் சந்தேகப்பட்டிருக்கிறேன்.

ஆனால் அவன் அந்த நேரத்தில் பக்கத்து அறையில் தூங்குகிறவன். அங்கிருந்து அலமாரிக்குள் எப்படிக் கேட்கும்? திரும்பிப் பார்த்தால் ஆளைக் காணோம். மேஜைக்கு அடியில் போய் உட்கார்ந்திருந்தான். வெளியே வாடா என்று நான் கூப்பிட்ட விதத்துக்கு யாராயிருந்தாலும் வந்திருக்க மாட்டார்கள். என் கணவர்தான் தரையில் உட்கார்ந்து, மேஜைக்கடியில் தலையை நீட்டி, விசாரணையை நடத்தினார்.

கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. நான் உள்ளே போனதும் அவன் எழுந்து வந்துவிடுவானாம். அலமாரிக் கதவின் இடுக்குக்கு வெளியே தரையில் படுத்துக்கொள்வானாம். நான் முடித்துப் பொத்தானை அணைக்கும் சத்தம் கேட்டதும் ஓடிப்போய்க் கட்டிலில் ஏறிக் கண்ணை மூடிக்கொள்வானாம். தினமும். நான் போய்த் தலையைக் கோதி, என் தங்கமே, என்ன தூக்கம் என்று எழுப்பியதெல்லாம் இந்தக் கள்ளனைத்தான்.

பாலத்தைப் பற்றி உனக்கு என்னடா தெரியும், எதுக்கு அங்க வந்து படுத்தே என்று அவர் கேட்டார். அவன் தன் கால் விரலைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"அலமாரிக்குள்ள இருக்கற அம்மா கத்த மாட்டாங்க."

என் முகம் சுட்டது. கோபம்தான் முதலில் வந்தது, யார்மீது என்று தெரியாத கோபம். காலை எழுந்ததிலிருந்து படுக்கும்வரை பல்லைத் தேய், செருப்பைப் போடு, சீக்கிரம், சீக்கிரம் என்று கத்துவது எனக்கு மட்டும் ஆசையா? கத்தாவிட்டால் இங்கே என்ன நடக்கிறது? அப்புறம் அந்தக் கோபம் நிற்க இடமில்லாமல் இறங்கிப் போய்விட்டது. அவன் என்னைக் குறை சொல்லவில்லை. தனக்குப் பிடித்த ஒன்றைச் சொன்னான், அவ்வளவுதான். எனக்கு வெட்கமாக இருந்தது.

வெட்கப்பட்டு உட்கார நேரமில்லை. வெளியே மாலை வந்துவிட்டது. எனக்கு இப்போது அவனோடு சேர்ந்த ஒரு நிமிடம் வேண்டும். அவனை இடுக்கருகே படுக்க வைத்து, கொஞ்ச நேரம் அமைதியாக இருக்க வேண்டும் கண்ணா என்று சொல்லிவிட்டு உள்ளே போய்ப் பதிவு செய்தேன். துளிச் சத்தமில்லை. இதென்ன என்று எட்டிப் பார்த்தால், அமைதியாக இருக்கச் சொன்னதால் மூச்சைப் பிடித்துக்கொண்டு, முகம் சிவந்து, வெடிக்கப் போகிறவன்போல் கிடந்தான். பதறிப்போய் மூச்சு விடுடா என்றேன். அடுத்த பதிவில் விட்டான் பாருங்கள், பம்புசெட் இரண்டு சேர்ந்து ஓடின. சூப்பர்வைசர் பக்கத்தில் உட்கார்ந்து, ஏத்து, இறக்கு என்று பயிற்சி கொடுத்தாள். அவன் அழுவதற்குத் தயாரானான். எனக்குத் தொண்டைவரை கத்தல் வந்து நின்றது. விழுங்கினேன்.

கணவரிடம் பெரியவளை அழைத்துக்கொண்டு கூடத்துக்குப் போய்விடச் சொன்னேன். சின்னவனிடம் இனி ஒன்றும் செய்ய வேண்டாம், விளையாடப் போ என்றேன். நான் அலமாரிக்குள் நுழைந்து, கதவை அதே விரல் அகலத்துக்குச் சாத்தி, போனில் பொத்தானை அழுத்திவிட்டுப் புத்தகத்தைப் பிரித்தேன். எந்தப் பக்கம் என்று பார்க்கவில்லை. ஆற்றின் நடுவில் தூண் நிறுத்துகிறவர்கள் முதலில் தண்ணீரை ஒதுக்க வேண்டும் என்று அந்தப் பக்கத்தில் இருந்தது. வாசித்தேன். அவசரப்படாமல், ஒரு சொல்லை முழுவதும் சொல்லி முடித்து அடுத்த சொல்லுக்குப் போனேன். எனக்கே அந்தக் குரல் யாருடையதோ போல் இருந்தது. நல்ல குரல். இடுக்கில் வந்த வெளிச்சம் பாதி மறைந்தது. அவன் வந்து படுத்துவிட்டான்.

இன்னும் கொஞ்சம் வாசித்துவிட்டு நிறுத்தினேன். பிழை வந்தால் இப்படி நிறுத்திவிட்டு மறுபடி தொடங்குவது என் வழக்கம், எடிட்டருக்கு வெட்ட வசதியாக. அது அவனுக்கும் பழக்கம்தான். அப்புறம் என்னவென்று கேட்கவில்லை, அசையவில்லை. அம்மா மறுபடி தொடங்குவாள் என்று நம்பிக் காத்திருந்தான். அவன் மூச்சு ஏறியது, இறங்கியது. நான் போனில் ஓடும் நொடிகளைப் பார்க்கப் போய், பார்க்காமல் விட்டேன். இந்தப் பிள்ளை எத்தனை மதியம் இப்படிக் கிடந்தது, நான் எத்தனை தடவை அதற்குக் கையெட்டும் தூரத்தில் உட்கார்ந்து தனிமை கிடைத்ததென்று மகிழ்ந்தேன் என்று நினைத்தபோது கண்ணில் நீர் வந்தது. மூக்கை உறிஞ்சக்கூட வழியில்லை. ஒரு நிமிடத்துக்கு மேலேயே போயிருந்தது. அங்கேயே உட்கார்ந்தபடி அணைத்து அனுப்பினேன்.

அணைத்த சத்தம் கேட்டதும் வெளியே தடதடவென்று சின்னக் கால்கள் ஓடின. பக்கத்து அறையில் கட்டில் கிறீச்சிட்டது. இவ்வளவு விசாரணை நடந்த பிறகும் ஓடினான். கதவைத் திறந்துகொண்டு வரப்போவது எந்த அம்மா என்று அவனுக்குத் தெரியும்.

நான் கதவைத் திறக்கவில்லை. அரை இருட்டில் போன் ஒளிர்ந்தது. எடிட்டர் எழுதியிருந்தார், கச்சிதமாகப் பொருந்திவிட்டது, நாளைக்குக் கவலையில்லை, ஆனால் அடுத்த புத்தகம் தொடங்குவதற்குள் அந்த மெஷினை ரிப்பேர் செய்துவிடுங்கள் என்று. அப்பாடா என்றிருந்தது. கூடத்தில் சூப்பர்வைசர், பசிக்கிறது, அம்மா இன்னும் உள்ளே என்ன செய்கிறாள் என்று அப்பாவைக் கேட்டுக்கொண்டிருந்தாள். பாத்திரம் அப்படியே கிடந்தது. துவைத்த துணி மெஷினுக்குள் கசங்கிக்கொண்டிருந்தது. என் கால்கள் எழுந்திருக்கத் தாமாகவே தயாராகிவிட்டன.

போனைக் கவிழ்த்து வைத்தேன். இனி எதையும் பதிவு செய்ய வேண்டியதில்லை. இடுக்கு வெளிச்சத்தில் புத்தகத்தை விட்ட இடத்திலிருந்து எடுத்து, பக்கத்து அறைவரை கேட்கும்படி கொஞ்சம் குரலை உயர்த்தி, ஆனால் கத்தாமல், தண்ணீரை ஒதுக்கிய பிறகு என்ன செய்வார்கள் என்று வாசிக்க ஆரம்பித்தேன். முதலில் ஒன்றும் நடக்கவில்லை. ஒரு பத்தி போனது. அடுத்த பத்தியின் நடுவில் கட்டில் மறுபடி கிறீச்சிட்டது.